சமன்பாடு இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

வேதிச் சமன்பாட்டில் திணறும் மாணவர்கள் பெரும்பாலும் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறார்கள். அது வீண் வேலை. பிழை ஏதோ ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது இருக்கும் இடத்தை விடையே காட்டிக்கொடுத்துவிடும். ஓர் அணு மட்டும் கடைசிவரை ஒத்துவராமல் நின்றால் அதற்கு ஒரு காரணம். விடை மிகச் சரியாகப் பாதியாக வந்தால் அதற்கு வேறொரு காரணம். ஆகவே அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்காக எழுதியது இது. உதாரணங்களை மதுரைப் பக்கம் கண்ணில் படும் பொருள்களிலிருந்தே எடுத்திருக்கிறேன். சேர்மங்களைக் குறியீட்டில் எழுதாமல் பெயராலேயே சொல்லப் போகிறேன். குறியீட்டை நீங்கள் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பெயரைக் கேட்டதும் அதில் எந்த அணு எத்தனை என்று சொல்ல வராதவருக்கு, அச்சிட்ட குறியீட்டைக் கண் முன்னால் நீட்டினாலும் பயனில்லை. அணு நிறைகள்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, கால்சியம் 40. இவை போதும், வேறு வேண்டியபோது அங்கேயே தருகிறேன்.

எந்த எண்ணைப் போட்டாலும் ஓர் அணு நிற்க மாட்டேன் என்கிறது

சமன் செய்வதை உடனே நிறுத்திவிடுங்கள். முன்னால் போடும் எண்களில் கோளாறு இல்லை, வாய்ப்பாட்டில்தான், அதாவது சேர்மத்தின் குறியீட்டில்தான் கோளாறு.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் பொங்கிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு. இந்தக் கடைசிப் பொருளில் ஹைட்ராக்சைடு ஒன்றுதான் என்று ஒரு மாணவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஹைட்ரஜன் 2, வலப்பக்கம் 1. சரி என்று வலப்பக்கத்தில் 2 போடுகிறார். இப்போது கால்சியம் வலப்பக்கம் 2 ஆகிவிட்டது. அதற்காக இடப்பக்கக் கால்சியம் ஆக்சைடுக்கும் 2 போடுகிறார். இப்போது ஆக்சிஜன் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 2. இந்த ஒற்றை ஆக்சிஜனைத் துரத்திக்கொண்டு அவர் எவ்வளவு தூரம் போனாலும் கைக்கு அகப்படாது.

கால்சியத்தின் இணைதிறன் (மற்றவற்றோடு சேரும் திறனைச் சொல்லும் எண்) 2, ஹைட்ராக்சைடின் இணைதிறன் 1. ஆகவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. இதைத் திருத்தினால் வேறு எண்ணே தேவையில்லை: எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2.

இதே அறிகுறியின் இன்னொரு வடிவம், தனிமங்களை ஒற்றை அணுவாக எழுதுவது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனித்து இருக்கும்போது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளாகவே இருக்கும். சேர்மத்துக்குள் போய்விட்டால் இந்த விதி கிடையாது. அங்கே இணைதிறன் சொல்வதுதான். இந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. இணைதிறன் பட்டியலையும்தான். புரிந்து படிக்க வேண்டும் என்ற பெயரில் இவற்றை மனப்பாடம் செய்யாமல் விட்டவர்கள்தாம் இந்தத் தலைப்பில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை ஒத்துவந்துவிட்டது, ஆனால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்

கீழே சிறிதாக எழுதும் எண்ணை மாற்றியிருக்கிறீர்கள். ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → நீர். இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. நீரில் ஆக்சிஜனின் காலடியில் ஒரு 2 போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குவது. சரியான விடை: 2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர். வாய்ப்பாட்டை எழுதி முடித்ததும் அதன் காலடி எண்களைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற உரிமையுள்ள இடம் முன்னால் உள்ள வெற்றிடம் மட்டுமே.

எரிதல் வினையில் ஆக்சிஜன் மட்டும் ஆட்டம் காட்டுகிறது

பெரும்பாலும் வரிசைதான் காரணம். ஆக்சிஜன் தனியாக ஒரு பொருளாக நிற்கிறது; அதன் முன்னால் என்ன எண்ணைப் போட்டாலும் வேறு எந்த அணுவும் கலையாது. அப்படிப்பட்டதைக் கடைசியில் தொட வேண்டும். அதை முதலில் சரிசெய்துவிட்டுக் கார்பனுக்குப் போனால், கார்பன் டைஆக்சைடில் போடும் ஒவ்வோர் எண்ணும் ஆக்சிஜன் கணக்கை மறுபடி கலைக்கும். கார்பன் முதலில், ஹைட்ரஜன் அடுத்து, ஆக்சிஜன் கடைசியில்.

சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பனுக்காக 4 கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜனுக்காக 5 நீர். வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டிரண்டாகத்தான் வரும், 13 ஒற்றைப்படை. இங்கே பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குபவர்கள் நிறையப் பேர். அழிக்க வேண்டாம். ஆறரை என்று தயங்காமல் எழுதுங்கள்; பிறகு எல்லா எண்களையும் இரண்டால் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

இதைவிட நல்ல சோதனை கற்பூரம். ஒரு கற்பூர மூலக்கூறில் கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. அந்தக் கடைசி ஒன்றுதான் வில்லங்கம். 10 கார்பன் டைஆக்சைடு, 8 நீர் என்று எழுதுவது வரை யாரும் தவறுவதில்லை. வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 20 + 8 = 28. உடனே, 28-ஐ இரண்டால் வகுத்தால் 14, முழு எண்ணாகவே வந்துவிட்டது என்று மகிழ்ந்து 14 ஆக்சிஜன் போட்டு முடித்துவிடுகிறார்கள். இடப்பக்கத்தை எண்ணிப் பாருங்கள்: காற்றிலிருந்து 28, கற்பூரத்துக்குள்ளேயே இருக்கும் 1, ஆக 29. கற்பூரம் தன் பங்குக்கு ஓர் ஆக்சிஜனை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது. காற்று தர வேண்டியது 27 அணுக்கள்தாம். பதின்மூன்றரை மூலக்கூறு. இரண்டால் பெருக்கினால்:

2 கற்பூரம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டைஆக்சைடு + 16 நீர்

எத்தனால், குளுக்கோஸ், சர்க்கரை என்று எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கும் எல்லாவற்றிலும் இதே பொறி காத்திருக்கிறது. முழு எண் சுலபமாக வந்துவிட்டது என்பது சரியான விடைக்கு அடையாளம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஆரத்தித் தட்டில் கற்பூரம் கரும்புகை கக்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கரி, எரியாமல் தப்பிய கார்பன். மேலே எழுதிய சமன்பாடு முழுமையான எரிதலுக்கு உரியது. தட்டில் நடப்பது அதில் ஒரு பகுதி மட்டும். கேள்வியில் ‘முழுமையாக எரிகிறது’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடைப்புக்குறி வந்தால் எண்ணிக்கை குழம்புகிறது

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவையும் பெருக்கும். விதி எல்லோருக்கும் தெரியும். பாதி வழியில்தான் விட்டுவிடுகிறார்கள். இதைச் சரிபார்க்க ஒரு யூரியா மூட்டை போதும். மேலூர், சோழவந்தான் பக்கத்து வயல்வீடுகளில் திண்ணையிலேயே கிடக்கும். மூட்டையின் மேல் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள்.

யூரியாவில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், அடைப்புக்குறிக்குள் ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும், வெளியே 2. ஆக நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. மோலார் நிறை, அதாவது வாய்ப்பாட்டில் உள்ள அணு நிறைகளின் கூட்டுத்தொகை, 12 + 16 + 28 + 4 = 60. நைட்ரஜன் பங்கு 60-இல் 28, அதாவது 46.7 விழுக்காடு. வெளியே உள்ள 2-ஐ மறந்தவருக்கு மோலார் நிறை 44 என்றும், நைட்ரஜன் 31.8 விழுக்காடு என்றும் வரும். மூட்டை பொய் சொல்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அடைப்புக்குறியைப் பார்த்துக்கொள்ளலாம். 45 கிலோ மூட்டை ஒன்றில் பயிருக்குக் கிடைக்கும் நைட்ரஜன், அச்சிட்ட 46 விழுக்காட்டின்படி 20.7 கிலோ.

சமன்பாட்டில் அடைப்புக்குறி வந்தால் வேலையை எளிதாக்க ஒரு வழி உண்டு. சூப்பர் பாஸ்பேட் உரம் இப்படித் தயாராகிறது:

1 கால்சியம் பாஸ்பேட் + 2 சல்பியூரிக் அமிலம் → 1 கால்சியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் + 2 கால்சியம் சல்பேட்

இதில் ஆக்சிஜனை ஒவ்வொன்றாக எண்ணப் புகுந்தால் பக்கத்துக்கு 16 வரும், அதற்குள் தலை சுற்றும். பாஸ்பேட்டை ஒரே உருப்படியாக எண்ணுங்கள்: இங்கே 2, அங்கே 2. சல்பேட் இங்கே 2, அங்கே 2. கால்சியம் இங்கே 3, அங்கே 1 + 2. ஹைட்ரஜன் 4, 4. முடிந்தது.

இந்தக் குறுக்குவழி, தொகுதி உடையாமல் மறுபக்கம் போய்ச் சேரும்போது மட்டுமே செல்லும். பாத்ரூம் கழுவும் ஆசிட் சுண்ணாம்புத் தரையில் சிந்தினால் நுரைத்துப் பொங்குகிறதே, அங்கே கார்பனேட் உடைந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் போய்விடுகிறது. அங்கே கார்பனேட்டைத் தேடினால் வலப்பக்கத்தில் கிடைக்காது. அணு அணுவாகத்தான் எண்ண வேண்டும். 1 கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 கால்சியம் குளோரைடு + 1 நீர் + 1 கார்பன் டைஆக்சைடு.

அணுக்கள் எல்லாம் ஒத்துவருகின்றன, ஆனாலும் சமன்பாடு தவறு

அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள் அல்லது தொகுதிகள்) வரும் சமன்பாடாக இருந்தால் மின்சுமையையும் எண்ண வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை வீதி. வெள்ளியைத் தூய்மையாக்கும் ஒரு பழைய முறையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் செம்புத் தகட்டை இட்டால், செம்பு கரைந்து வெள்ளி படியும். செம்பு + வெள்ளி அயனி → செம்பு அயனி + வெள்ளி என்று எழுதினால் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று சரியாக இருக்கும். மின்சுமையோ இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. ஒரு வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும். ஆகவே வெள்ளி இருபுறமும் 2.

எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாததுதானே என்று இதை விட்டுவிட முடியாது. அணு நிறை செம்புக்கு 63.5, வெள்ளிக்கு 107.9. செம்பு 63.5 கிராம் கரைந்தால் படிய வேண்டிய வெள்ளி 215.8 கிராம். அந்த 2-ஐ விட்டவரின் கணக்கில் 107.9 கிராம். சரிபாதி வெள்ளி காணாமல் போகிறது. எந்தப் பட்டறையிலும் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

(விடையில் 4, 6, 2 போல எல்லா எண்களையும் ஒரே எண்ணால் வகுக்க முடிந்தால் வகுத்துச் சுருக்கிவிடுங்கள். இதற்குத் தனித் தலைப்பு வேண்டாம்.)

சமன்பாடு சரி, எடைக் கணக்கு மட்டும் எங்கோ போய் நிற்கிறது

இதுதான் இந்தக் கட்டுரையின் நடு இடம். கொஞ்சம் நின்று போவோம்.

சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்கள் எண்ணிக்கையைச் சொல்கின்றன. தராசு எடையைச் சொல்கிறது. கேள்வி கிராமில் வருகிறது, விடையும் கிராமில் கேட்கிறார்கள். ஆனால் விகிதம் மட்டும் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பாராமல் ‘2-க்கு 1’ என்பதை ‘2 கிராமுக்கு 1 கிராம்’ என்று எடுத்துக்கொள்வதுதான், விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் பிழை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையும் செவ்வந்தியும் கிலோக் கணக்கில் விற்கின்றன. மாலை தொடுப்பவருக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு செவ்வந்திக்கு இரண்டு மல்லிகை என்று தொடுக்கும் மாலைக்காக இரண்டு கிலோ மல்லிகையும் ஒரு கிலோ செவ்வந்தியும் வாங்கினால், மல்லிகை குவியலாக மிஞ்சிப்போகும். ஒரு செவ்வந்தியின் எடையும் ஒரு மல்லிகையின் எடையும் தெரிந்தால்தான் எத்தனை கிலோ வாங்குவது என்று சொல்ல முடியும்.

வேதியியலில் அந்த ‘ஒன்றின் எடை’ என்ற இடத்தில் மோலார் நிறை நிற்கிறது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள்; இதுதான் அவகாட்ரோ எண். இந்த எண்ணைக் கணக்கில் எங்கும் பெருக்கவோ வகுக்கவோ தேவை வராது, அணுக்களின் எண்ணிக்கையையே கேட்டால் ஒழிய. கேட்காத கேள்வியில் அவகாட்ரோ எண்ணை இழுத்துவந்து பக்கம் நிரப்புவதும் ஓர் அறிகுறிதான். அங்கே மாணவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று பொருள்.

வழி மூன்றே அடி. கொடுத்த கிராமை மோலார் நிறையால் வகுத்து மோலாக்குங்கள். சமன்பாட்டின் எண்களைக் கொண்டு, கேட்ட பொருளின் மோலுக்கு மாறுங்கள். அதை அந்தப் பொருளின் மோலார் நிறையால் பெருக்கிக் கிராமாக்குங்கள். இதில் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் ஒரே மோலார் நிறையைப் போட்டுவிட்டால் தொடக்க எடையே விகிதம் மாறித் திரும்பி வரும். அப்படி வந்தால் மூன்றாம் அடியைப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கல்லை வைத்து ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சூளையில் கல்லைச் சுட்டால்: கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு. மோலார் நிறைகள் 100, 56, 44. ஒரு டன், அதாவது 1000 கிலோ கல். கிலோவில் கணக்கு என்றால் கிலோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமுக்கு மாற்றிப் பூஜ்யங்களைச் சுமக்க வேண்டியதில்லை. 1000-ஐ 100-ஆல் வகுத்தால் 10 கிலோமோல். விகிதம் ஒன்றுக்கு ஒன்று. சுட்ட சுண்ணாம்பு 560 கிலோ, காற்றில் போவது 440 கிலோ. சூளையில் ஏற்றிய கல்லில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வண்டியில் திரும்பும்.

அந்த 560 கிலோவை நீற்றினால் 180 கிலோ நீர் சேர்ந்து 740 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெல்ல உறிஞ்சிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. 740 கிலோ + 440 கிலோ → 1000 கிலோ + 180 கிலோ நீர். சூளையில் பறிகொடுத்த அதே 440 கிலோ, அதே 1000 கிலோ கல். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலின் தூண்களில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சாந்து எவ்வளவு வழவழப்பாக இறுகியிருக்கிறது என்று. சிமெண்ட் இல்லாத காலத்தில் சுவரைக் கல்லாக்கியது இந்த வினைதான். முழுச் சுற்றையும் நோட்டில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று சமன்பாடும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் எடைக் கணக்கைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

விடை புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது

கேள்வியை மறுபடி படியுங்கள். ‘90 விழுக்காடு தூய்மையான சுண்ணாம்புக்கல்’ என்று எங்காவது ஒளிந்திருக்கும். ஒரு டன் கல்லில் 900 கிலோதான் கால்சியம் கார்பனேட். கிடைப்பது 504 கிலோ. கேள்வி திருப்பிப் போட்டு வந்தால், அதாவது 560 கிலோ வேண்டுமென்றால் எவ்வளவு கல் ஏற்ற வேண்டும் என்று கேட்டால், 1000-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 1111 கிலோ. இந்த இடத்தில் பெருக்கி 900 என்று எழுதுபவர்கள் ஒரு நிமிடம் யோசித்தால் போதும். மண்ணும் மணலும் கலந்த கல் குறைவாக ஏற்றினால் எப்படி அதே சுண்ணாம்பு கிடைக்கும்?

வெளிவரும் பொருளின் எடை, போட்ட பொருளைவிட அதிகமாக இருக்கிறது

இது பிழையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பயந்து சரியான விடையை அடித்துவிடுகிறார்கள் என்பதாலேயே இதைச் சேர்க்கிறேன்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. கணக்குக்காக முழுவதும் பியூட்டேன் என்று கொள்வோம். மோலார் நிறை 58. 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் 244.8 மோல். ஒரு பியூட்டேனுக்கு நான்கு கார்பன் டைஆக்சைடு, 979.3 மோல், 44-ஆல் பெருக்கினால் 43.1 கிலோ. எரித்தது 14 கிலோ, வெளியே போனது 43 கிலோ! இங்கேதான் பேனா தயங்கும்.

மற்றவற்றையும் போடுங்கள். நீர், ஒன்றுக்கு ஐந்து வீதம், 22 கிலோ. காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன், ஒன்றுக்கு ஆறரை வீதம், 50.9 கிலோ. உள்ளே போனது 14.2 + 50.9 = 65.1. வெளியே வந்தது 43.1 + 22.0 = 65.1. கூடுதல் எடை முழுவதும் சமையலறை ஜன்னல் வழியாக வந்த காற்றிலிருந்த ஆக்சிஜனின் எடை. வினைபடு பொருள்கள் எல்லாவற்றின் எடையும் வினைவிளை பொருள்கள் எல்லாவற்றின் எடையும் சமமாக இருக்கிறதா என்பதே கேள்வி. தனியாக ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. இந்தக் கூட்டலைச் செய்ய அரை நிமிடம் ஆகும். தேர்வில் அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களை நான் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு பொருளுக்கும் எடை கொடுத்திருக்கிறார்கள். எதை வைத்துத் தொடங்குவது?

ஒன்று முதலில் தீர்ந்துபோகும். அதைத்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறது பாடநூல். அது தீர்ந்தவுடன் வினை நின்றுவிடும், மற்றது மிஞ்சும். விடை மிகுதியாக வந்தால், மிஞ்சிப்போகும் பொருளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் இரண்டு தவறான ஊகங்கள் உண்டு. எடை குறைந்ததே முதலில் தீரும் என்பது ஒன்று. 28 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 கிலோ நீர் என்று எடுங்கள். நீர்தான் எடையில் குறைவு. ஆனால் 28-ஐ 56-ஆல் வகுத்தால் 0.5, 10-ஐ 18-ஆல் வகுத்தால் 0.556. தீர்ந்துபோவது சுண்ணாம்பு. கிடைப்பது 37 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, மிஞ்சுவது 1 கிலோ நீர். (இது தாளில் மட்டும். உண்மையில் நீற்றும்போது எழும் சூட்டில் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும். நீற்றுபவர்கள் தாராளமாகத்தான் ஊற்றுவார்கள். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.)

மோல் குறைந்ததே முதலில் தீரும் என்பது இரண்டாவது ஊகம். இது ஓரளவு படித்தவர்கள் செய்வது, ஆகவே கண்டுபிடிப்பது கடினம். யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைப் பாருங்கள்: 1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா. கொடுத்திருப்பது 28 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன். மோலில் 1, 2. நைட்ரஜன் குறைவு என்று அதை வைத்துக் கணக்கிட்டால் 34 கிராம் அம்மோனியா வருகிறது. போட்டது மொத்தமே 32 கிராம்! ஒவ்வொரு மோலையும் அதனதன் முன்னால் உள்ள எண்ணால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். நைட்ரஜன் 1-ஐ 1-ஆல் வகுத்தால் 1. ஹைட்ரஜன் 2-ஐ 3-ஆல் வகுத்தால் 0.667. தீர்வது ஹைட்ரஜன். அம்மோனியா 1.333 மோல், 22.67 கிராம். மிஞ்சும் நைட்ரஜன் 9.33 கிராம். கூட்டினால் 32.

இது தாள் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மோனியா ஆலையில் ஹைட்ரஜன் ஒருமுறையில் முழுவதும் தீராது. வினை பாதியில் சமநிலைக்கு வந்துவிடுவதால், வினைபுரியாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள்.

லிட்டர் கணக்கு ஒத்துவரவில்லை

ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் 22.7. மதுரையில் 0 டிகிரியை யார் கண்டார்கள்? சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அதே ஒரு மோல் ஏறத்தாழ 25.7 லிட்டர் இடத்தை அடைக்கும், 22.4-ஐ 313-ஆல் பெருக்கி 273-ஆல் வகுத்தால் வருவது. கிட்டத்தட்ட 15 விழுக்காடு வித்தியாசம். ஆகவே கேள்வியில் வெப்பநிலை கொடுத்திருந்தால் 22.4-ஐ மறந்துவிடுங்கள், டிகிரியோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்காமல் எந்த விகிதத்தையும் எழுதாதீர்கள்.

வித்தியாசம் 15 விழுக்காடு போல இல்லாமல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தால், திரவத்துக்கு 22.4 போட்டிருக்கிறீர்கள். 18 கிராம் தண்ணீர் 18 மில்லிலிட்டர்தான். ஒரு மோல் என்பதற்காக அது 22.4 லிட்டராகப் பெருகாது. எல்லாமே மிகச் சரியாக ஆயிரம் மடங்கு என்றால் கிராமும் கிலோகிராமும், அல்லது மில்லிலிட்டரும் லிட்டரும் இடம் மாறியிருக்கின்றன.

கிட்டத்தட்ட வருகிறது, கடைசி இலக்கம்தான் வேறு

குளோரினை 35 அல்லது 36 என்று முழுதாக்கியிருப்பீர்கள். குளோரினுக்கு 35.5, செம்புக்கு 63.5 என்று அரையோடுதான் எடுக்க வேண்டும். இயற்கையில் குளோரின் இரண்டு ஐசோடோப்புகளின் கலவையாக இருப்பதால் சராசரி அப்படி வருகிறது. மேலே சொன்ன ஆசிட் கணக்கில் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்; 35 என்று எடுத்தவருக்கு 72, 36 என்று எடுத்தவருக்கு 74. இன்னொரு காரணம், நடுவில் வரும் விடைகளை அவசரமாக முழுதாக்குவது. சிலிண்டர் கணக்கில் 244.8-ஐ 240 என்று சுருக்கிக்கொண்டால் கார்பன் டைஆக்சைடு 42.2 கிலோவாக இறங்கிவிடும். நடுவில் மூன்று, நான்கு இலக்கங்களைக் கூடவே எடுத்துச் சென்று, கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.